கிளாசிக்கா, மாடர்னா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு முன் போட வேண்டிய கணக்கு

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் கேரக்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே இன்னொரு கேள்வியும் நிற்கும்: ஆறு பட்டனும் குச்சி உருட்டலுமாகப் பழைய முறையில் ஆடும் கிளாசிக் கண்ட்ரோலா, குறைந்த பட்டன்களில் சிறப்பு அடிகளைச் சுலபமாகத் தரும் மாடர்ன் கண்ட்ரோலா? பழைய ஆட்டக்காரர்கள் பலர் யோசிக்காமல் கிளாசிக்கை அழுத்துவார்கள். மாடர்ன் என்றாலே கத்துக்குட்டிகளுக்கானது என்று நினைப்பு. புதிதாக வருபவர்கள் யோசிக்காமல் மாடர்னை அழுத்துவார்கள். ஒரே பட்டனில் எல்லாம் வந்துவிடும் என்று நம்பிக்கை. இரண்டு பேரும் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

மாடர்ன் தரும் வசதி எல்லாக் கேரக்டருக்கும் ஒரே அளவு உதவாது. அது பறித்துக்கொள்வதும் கேரக்டருக்குக் கேரக்டர் வேறு. அதனால் முதலில் கேரக்டரை முடிவு செய்யுங்கள், கண்ட்ரோல் பிறகு. டைனமிக் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தூரத்தைப் பார்த்து ஆட்டமே அடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் அது ஆன்லைனில் செல்லாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கையில் கண்ட்ரோலரைக் கொடுக்க நல்லது, அவ்வளவுதான்.

5-இல் இருந்து என்ன மாறியது

கண்ட்ரோலைப் பற்றிப் பேசுவதற்கு முன் டிரைவ் கேஜை, அதாவது சிறப்பு அசைவுகளுக்குச் செலவழிக்கும் சக்தி அளவியை, பார்த்துவிட வேண்டும். மாடர்ன் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது அங்கிருந்துதான் புரியும்.

2016-இல் வந்த 5-ஆம் ஆட்டத்தில் வி-கேஜ் என்பது அடி வாங்கியும் வி-ஸ்கில் என்ற தனித்திறனைப் போட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் உண்டியல். நிரம்பினால் வி-ட்ரிகர் என்ற பெரிய சக்தி கிடைக்கும். அது என்ன செய்யும் என்பது கேரக்டருக்குக் கேரக்டர் வேறு. 2023 ஜூன் 2-இல் வந்த 6-இல் இந்தக் கதை தலைகீழ். ஒவ்வொரு ரவுண்டும் 6 பார் நிறைந்த டிரைவ் கேஜோடு தொடங்கும். எல்லாக் கேரக்டருக்கும் அதே 6, அதே விதிகள். சேர்க்கும் வேலை கிடையாது, செலவுக் கணக்கு மட்டும்தான். சும்மா இருந்தால் மெதுவாக நிரம்பும். எதிராளியின் ஸ்பெஷல் அடிகளை (கேரக்டருக்கே உரிய சிறப்பு அடிகளை) ப்ளாக் செய்தால், அதாவது தடுத்தால், குறையும்.

விலைப்பட்டியல் இது. எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே இடிக்கும் டிரைவ் இம்பாக்ட் 1 பார். பேரி (வரும் அடியைத் தாங்கிக்கொள்ளும் தற்காப்பு) நிலையில் இருந்து பாயும் டிரைவ் ரஷ் 1 பார். சாதாரண அடியை இடையில் அறுத்துக்கொண்டு பாயும் ரஷ் 3 பார். பலம் கூட்டிய ஓவர்டிரைவ் ஸ்பெஷல் 2 பார். ப்ளாக்கில் மாட்டிக்கொண்டபோது எதிராளியைத் தள்ளிவிடும் டிரைவ் ரிவர்ஸல் 2 பார். 5-இல் இஎக்ஸ் என்ற பலம் கூட்டிய அடிகள், சூப்பர் என்ற மிகப் பெரிய அடிக்கான கேஜில் இருந்தே செலவாகும். காம்போவை (தொடர் அடியை) நீட்டுவதா, சூப்பருக்குச் சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. 6-இல் ஓவர்டிரைவ் தனிக் கணக்கு, 3 பார் சூப்பர் கேஜ் தனிக் கணக்கு. சூப்பர் கேஜ் அடுத்த ரவுண்டுக்கும் கூடவே வரும், டிரைவ் வராது.

ரவுண்டு தொடங்கிய சில நொடிகளில் புதியவர்கள் செய்யும் தவறைப் பாருங்கள். குனிந்து போட்ட மீடியம் கிக் படுகிறது, உடனே ரஷ்: 3 போச்சு. தொடர்ந்து ஹெவி பஞ்ச், அதன் பின்னால் ஓவர்டிரைவ் ஸ்பெஷல்: இன்னும் 2. காம்போ முடியும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். கையில் மிச்சம் 1. எதிராளி எழுந்து இரண்டு அடி ப்ளாக் செய்ய வைத்ததும் பதற்றத்தில் ஒரு டிரைவ் இம்பாக்ட். கேஜ் காலி. இதுதான் பர்ன்அவுட்.

பர்ன்அவுட்டில் கேஜ் முழுதாக நிரம்பும்வரை பேரி, ரஷ், இம்பாக்ட், ஓவர்டிரைவ் எதுவும் வராது. ப்ளாக் செய்தபின் உறைந்து நிற்கும் நேரம் 4 ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம் நொடியில் 60-இல் ஒரு பங்கு) கூடும். சாதாரணமாக -4 என்று, அதாவது 4 ஃப்ரேம் பின்தங்க வைத்து, அடித்தவரைச் சிக்க வைக்கும் ஒரு அடி இப்போது 0 ஆகிவிடும், அதாவது அவர் பயமில்லாமல் அடுத்ததைத் தொடங்கலாம். ஸ்பெஷலை ப்ளாக் செய்தாலும் உயிர் குறையும், அதிலேயே நாக்அவுட்டும் ஆகலாம். சுவரோரத்தில் பர்ன்அவுட்டோடு டிரைவ் இம்பாக்டை ப்ளாக் செய்தால் தலைசுற்றி நிற்பீர்கள், எதிராளிக்கு முழுக் காம்போ. 5-இல் இருந்த ஸ்டன் கேஜ் 6-இல் இல்லை. இந்த ஒரு வழியில் மட்டும்தான் ஸ்டன்.

மாடர்ன் கண்ட்ரோல் இந்தச் செலவுக் கணக்கில் உங்களுக்கு ஒரு பைசா மிச்சம் பிடித்துத் தராது. சில இடத்தில் கூடுதலாகவே செலவழிக்கும். எப்படி என்பது கீழே.

ஐந்திலேயே இருந்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்கு ஆடப்பட்டது 5-தான். இந்தியாவும் ஆள் அனுப்பியது, தங்கம் தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு. ஆனால் ஆட்டத்தை உருவாக்கிய கேப்காமின் கோப்பை 2023 பிப்ரவரியோடு 5-க்கு விடை கொடுத்துவிட்டது, அடுத்த கோப்பையில் இருந்து 6-தான். நண்பர்களோடு வீட்டில் ஆடுவதற்கு 5 இன்றும் நல்ல ஆட்டம். போட்டி ஆட நினைத்தால் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியதே இல்லை.

மாடர்ன் கொடுப்பது என்ன, எடுப்பது என்ன

கிளாசிக் நமக்குத் தெரிந்த 6 பட்டன்: மூன்று பஞ்ச், மூன்று கிக். நின்று, குனிந்து, குதித்து என்று வைத்தால் அடிப்படை அடிகளே 18. மாடர்னில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று பட்டன், கூடவே ஸ்பெஷல் பட்டன். அடிப்படை அடிகள் 9-ஆகச் சுருங்கும். அசிஸ்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் இன்னும் சில கிடைக்கும், ஆனால் கிளாசிக்கின் முழுப் பட்டியல் வராது. த்ரோ (எதிராளியைப் பிடித்து எறிவது), பேரி, இம்பாக்ட் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டன்.

ஸ்பெஷல் பட்டனை மட்டும் அழுத்தினால் ரியூ என்ற கேரக்டர் ஹடோக்கன் என்ற ஃபயர்பாலை விடுவான், முன்பக்கம் தள்ளிக்கொண்டு அழுத்தினால் மேலே எழும்பிக் குத்தும் ஷோர்யூக்கன். சூப்பருக்கு ஸ்பெஷலும் ஹெவியும் சேர்த்து; திசை எதுவோ அதைப் பொறுத்து சூப்பரின் லெவல், 1 முதல் 3 வரை. கீழே பிடித்தால் லெவல் 3. இந்தக் குறுக்குவழிக்குக் கட்டணம் 20 சதவீத சேதம். கிளாசிக்கில் 1,000 எடுக்கும் ஸ்பெஷல் குறுக்குவழியில் 800 எடுக்கும். ரியூவின் லெவல் 3 சூப்பர் தனியாகப் பட்டால் 4,000, குறுக்குவழியில் 3,200. பெரும்பாலான கேரக்டர்களின் உயிர் 10,000. அதில் 800 என்பது ஒரு நல்ல ஸ்பெஷல் அடிக்குச் சமம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: மாடர்னிலும் பழைய முறையில் குச்சியைச் சுழற்றி ஸ்பெஷல் போடலாம். கீழே, கீழ்-முன், முன் என்று உருட்டி லைட், மீடியம் அல்லது ஹெவியை அழுத்தினால் ஹடோக்கன் வரும், சேதம் முழுதாக வரும். ஸ்பெஷல் பட்டனில் ஒரே வலிமைதான் கிடைக்கும். உருட்டிப் போட்டால் வலிமையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

மாடர்ன் ரியூ ஆடும் நிறையப் பேர் ஒரு கட்டத்தில் தேங்கிப் போவது இந்த இடத்தில்தான். தூரத்தில் நின்று ஃபயர்பால் விடும் ஆட்டத்தின் உயிர் வேக வித்தியாசம். ஒன்று மெதுவாக, அடுத்தது வேகமாக. எதிராளி குதிக்கும் தாளம் குலைய வேண்டும். ஸ்பெஷல் பட்டனையே தட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் ஒரே வேகம். மூன்றாவது ஃபயர்பாலுக்குள் எதிராளிக்குத் தாளம் பிடிபட்டுவிடும், நான்காவதற்குத் தலைக்கு மேல் வந்துவிடுவான். ஃபயர்பாலை உருட்டிப் போடுங்கள், ஷோர்யூக்கனைப் பட்டனில் போடுங்கள். அவசரத்தில் வேண்டியது குறுக்குவழி. நிதானமாக எடுக்க முடிகிறதைக் கையால் போடலாம். மாடர்னுக்கு நாங்கள் சொல்லும் முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் இதுதான்.

குதித்து வருபவனைத் தட்டுவது

மாடர்ன் உண்மையிலேயே கணக்கை மாற்றும் இடம் இது. ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடுகிறது. குதிக்கும் முன் தரையில் 4 ஃப்ரேம், பிறகு 40-க்குச் சற்றுக் குறைவாகக் காற்றில். கண் பார்த்து மூளை முடிவெடுக்க 15 ஃப்ரேம் போய்விடும். மிச்சத்தில் கிளாசிக் ஆட்டக்காரர் முன், கீழ், கீழ்-முன் என்று போட்டு பஞ்சை அழுத்த வேண்டும். நேரம் இருக்கிறது. ஆனால் அதே நேரத்தில் வேறு எதையோ எதிர்பார்த்துக் கொண்டிருந்தால் கை தடுமாறும்.

தடுமாறும்போது என்ன நடக்கும்? கீழே போவதற்கு முன் ‘முன்’ சரியாகப் பதிவாகவில்லை என்றால் ஷோர்யூக்கனுக்குப் பதில் ஹடோக்கன் வரும். குதித்து வருபவனுக்குக் கீழே ஃபயர்பால் விட்டு நிற்பதைப் போன்ற அவமானம் இந்த ஆட்டத்தில் வேறில்லை. இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. முன்னால் நடந்துகொண்டே ஹடோக்கன் போட முயன்றால், நடைக்காகப் பிடித்த ‘முன்’ முதல் எழுத்தாகச் சேர்ந்து, முன், கீழ், கீழ்-முன் என்று ஆட்டம் படித்துக்கொண்டு ஷோர்யூக்கனைக் கொடுத்துவிடும். நடையை நிறுத்தி, குச்சியை ஒரு கணம் நடுவில் விட்டு, பிறகு உருட்டினால் இது வராது. கிளாசிக் எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே கையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம்.

மாடர்னில் ‘முன்’னும் ஸ்பெஷலும், அவ்வளவுதான். உருட்டல் இல்லாததால் ஃப்ரேம்கள் மிச்சம். அதைவிட முக்கியம், மனதில் இடம் மிச்சம். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிராளி நேராக இல்லாமல் உங்களைத் தாண்டி முதுகுப்பக்கம் குதித்தால், நீங்கள் ‘முன்’ என்று பிடித்த திசை அவன் தாண்டிய கணத்தில் ‘பின்’ ஆகிவிடும். ஷோர்யூக்கனுக்குப் பதில் பின்-ஸ்பெஷலில் இருக்கும் வேறு அடி வரும். தலைக்கு மேல் தெளிவாக வரும் குதிப்புகளில் மட்டும் தட்டுங்கள். தாண்டுகிறதா இல்லையா என்று தெரியாதவற்றை ப்ளாக் செய்யுங்கள், அல்லது பேரியைப் பிடியுங்கள். பேரி மேல், கீழ், முன், பின் எல்லாவற்றையும் தாங்கும். த்ரோவுக்கு மட்டும் தோற்கும்: பேரி பிடித்திருப்பவரைத் தூக்கினால் சாதாரணமாக 1,200 எடுக்கும் த்ரோ 2,040 எடுக்கும். பேரியை அழுத்திய முதல் 2 ஃப்ரேமுக்குள் அடி வந்தால் பெர்ஃபெக்ட் பேரி. அதன் பின் நீங்கள் போடும் காம்போவின் சேதம் பாதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்; ஆடம்பரமாகக் கேஜைக் கொட்ட அது இடமல்ல.

டிரைவ் இம்பாக்ட்: தப்பான நம்பிக்கை

மாடர்னில் டிரைவ் இம்பாக்ட் ஒரே பட்டன், அதனால் எதிர் இம்பாக்ட் போடுவது சுலபம் என்று அடிக்கடி கேள்விப்படலாம். அது தவறு. கிளாசிக்கில் ஹெவி பஞ்சும் ஹெவி கிக்கும் சேர்ந்தது இம்பாக்ட்; அதையும் பட்டன் அமைப்பில் ஒரே பட்டனுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். தோள்பட்டனில் வைத்துவிட்டால் இந்த விஷயத்தில் இரண்டு கண்ட்ரோலும் ஒன்றுதான்.

இம்பாக்ட் படுவதற்கு 26 ஃப்ரேம் ஆகும், அரை நொடிக்கும் குறைவு. தொடக்கம் முதலே இரண்டு அடிகளைத் தாங்கும் கவசம் உண்டு. உங்கள் அடியை வாங்கிக்கொண்டு அது உங்கள் மேல் பட்டால் சரிந்து விழுவீர்கள். உங்கள் இம்பாக்டும் முதல் ஃப்ரேமிலேயே கவசம் போட்டுக்கொள்ளும். எனவே அவனுடையது படுவதற்கு முன் எப்போது அழுத்தினாலும் நீங்கள் ஜெயிப்பீர்கள். சீக்கிரம் அழுத்தியவர் தோற்பார், பிந்தியவர் வெல்வார்.

கண்ணால் பார்த்து அழுத்த நேரம் போதும். போதாமல் போவது இரண்டு காரணத்தால். ஒன்று, அந்த நேரம் உங்கள் கை ஒரு ஹெவி அடியின் நடுவில் மாட்டியிருக்கும். இரண்டு, உங்களுக்கே கேஜ் இருக்காது. பர்ன்அவுட்டில் எதிர் இம்பாக்ட் கிடையாது. அப்போது வழி மூன்று: குதியுங்கள், பக்கத்தில் என்றால் த்ரோ போடுங்கள், அல்லது சூப்பர் போடுங்கள். சூப்பர் இம்பாக்டின் கவசத்தை உடைக்கும்.

இந்தக் கடைசி வழியில்தான் மாடர்ன் முன்னால் போகிறது. இம்பாக்டைப் பார்த்தபின் கீழே பிடித்து ஸ்பெஷலும் ஹெவியும் அழுத்தினால் லெவல் 3. கிளாசிக்கில் உருட்டலை இரண்டு முறை போட வேண்டும். தூரத்தில் ஃபயர்பால் விடும் எதிராளியைச் சூப்பரால் தண்டிப்பதும் இதே கதைதான். மாடர்ன் ஆட்டக்காரருக்கு 3 பார் சூப்பர் சேர்ந்துவிட்டால் எதிராளி தூரத்தில் இருந்துகூட நிம்மதியாக ஒரு பட்டனை அழுத்த முடியாது. கிளாசிக் ஆட்டக்காரர்கள் மாடர்னைத் திட்டுவதற்கு உண்மைக் காரணம் இதுதான், ஷோர்யூக்கன் அல்ல.

இங்கே கெட்டுப்போவது எப்படி என்றால், இரண்டு பட்டனும் ஒரே நேரத்தில் விழாததால். ஸ்பெஷல் முதலில் பதிந்துவிட்டால் சூப்பர் வராது, சாதாரண ஸ்பெஷல் வரும், அடியும் வாங்குவீர்கள். இரண்டையும் ஒரே கட்டைவிரலின் பரப்பால் அழுத்துங்கள். நுனியால் தனித்தனியாகத் தட்டாதீர்கள்.

அசிஸ்ட் காம்போவின் மறைமுகச் செலவு

அசிஸ்டைப் பிடித்துக்கொண்டு ஹெவியைத் தொடர்ந்து தட்டினால் ஆட்டமே காம்போவை முடித்துக்கொடுக்கும். கேஜ் இருந்தால் அதையும் சேர்த்துச் செலவழித்து முடிக்கும். எதிராளியின் உயிர் 500 மட்டும் மிச்சம் இருக்கும்போது சூப்பரையும் கொட்டிவிட்டு, அடுத்த ரவுண்டைக் காலிக் கையோடு தொடங்குபவர்களை எல்லா ராங்கிலும் பார்க்கலாம்.

இதைவிட மோசமானது, ப்ளாக் ஆனபின்னும் தட்டிக்கொண்டே இருப்பது. முதல் அடி ப்ளாக் ஆனாலும் தட்டத் தட்டத் தொடர் ஓடும். கடைசியில் வரும் ஸ்பெஷலை எதிராளி ப்ளாக் செய்துவிட்டு முழுக் காம்போவும் தருவான். இரண்டு அடி வரை தட்டுங்கள், நின்று பாருங்கள், பட்டிருந்தால் மட்டும் தொடருங்கள். லைட் அசிஸ்ட் காம்போ இந்தப் பழக்கத்துக்கு நல்ல இடம். கேரக்டரின் சரியான காம்போ ஒன்றைக் கையால் கற்றுக்கொண்டதும் ஹெவி அசிஸ்டை மறந்துவிடலாம்.

எந்தக் கேரக்டருக்கு எது

எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் மல்யுத்தக்காரன் ஸாங்கிஃப் எடுத்தால் மாடர்ன். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய முக்கியப் பிடியான ஸ்க்ரூ பைல்டிரைவருக்குக் கிளாசிக்கில் குச்சியை ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும், லெவல் 3 சூப்பருக்கு இரண்டு வட்டம். வட்டத்தில் ‘மேல்’ இருக்கிறது. நின்ற இடத்தில் சுற்றினால் குதித்துவிடுவான். அதனால் இன்னொரு அடியின் நடுவிலோ தரையிறங்கும் கணத்திலோ வட்டத்தை மறைத்துப் போடும் கலையைப் பழக வேண்டும், மாதக்கணக்கில். மாடர்னில் திசையும் ஸ்பெஷலும் போதும், நின்ற இடத்தில் பிடிப்பான். 20 சதவீதம் போனாலும் எதிராளி நிம்மதியாக நெருங்க முடியாது என்ற பயமே அந்த நஷ்டத்தை ஈடுகட்டும். இன்னும் ஒன்று: பிடியின் எட்டும் தூரமும் சேதமும் வலிமைக்கு வலிமை மாறும், பட்டன் ஒரே வகையைத்தான் தரும்.

தால்சிம் எடுத்தால் கிளாசிக். 1991-இல் இருந்து நீளும் அந்தக் கைகால்கள்தான் அவனுடைய ஆட்டமே. எந்தத் தூரத்துக்கு எந்தக் கை, எந்த உயரத்துக்கு எந்தக் கால் என்பதில்தான் ஜெயம். பட்டன்களை ஒன்பதாகக் குறைத்தால் தால்சிம்மின் பாதி உடம்பு போய்விடும்.

கைல் எடுப்பவர்களும் கிளாசிக் பக்கம் சாயலாம். அவனுடைய எறி தாக்குதலான சோனிக் பூமைச் சரியான கணத்தில் விட்டால் வரும் பெர்ஃபெக்ட் பூம் அவனுடைய பெரிய சொத்து, அது கைப்பழக்கத்தில் வருவது. ரியூ, கென், லூக், அகுமா போன்றவர்களுக்கு இரண்டும் ஓடும். மேலே சொன்னபடி உருட்டலையும் பட்டனையும் கலந்து ஆடினால் மாடர்ன் நஷ்டமாகாது. ஒரு சின்ன எச்சரிக்கை: அகுமாவின் உயிர் 9,000 மட்டுமே. தவறு செய்ய இடம் குறைவு என்பதால் புதியவர்கள் மாடர்னில்கூட அவனோடு தொடங்க வேண்டாம். ஸாங்கிஃபுக்கு 11,000.

கையில் இருக்கும் கருவி

பேடில் கிளாசிக் ஆடினால் ஆறில் இரண்டு பட்டன் தோள் பக்கம் போகும். கட்டைவிரலால் நான்கு, ஆள்காட்டி விரலால் இரண்டு. பழகிவிடலாம், ஆனால் ஹெவி இரண்டும் தோளில் இருப்பதால் முதல் சில வாரங்கள் கை குழம்பும். மாடர்னில் நான்கு முக்கியப் பட்டனும் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கும். ஆர்கேட் ஸ்டிக் அல்லது குச்சிக்குப் பதில் பட்டன்களே இருக்கும் லெவர்லெஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு இல்லை, கிளாசிக்கே எடுங்கள்.

கம்ப்யூட்டரில் கீபோர்டில் ஆடுபவர்கள் முதலில் ஒன்றைச் சோதிக்க வேண்டும். விலை குறைந்த மெம்பிரேன் கீபோர்டுகளில் சில மூன்று கீ சேர்க்கைகள் பதிவாகவே பதிவாகாது. கீழ், முன் இரண்டையும் பிடித்துக்கொண்டு இரண்டு தாக்கு பட்டனை அழுத்துங்கள். பயிற்சி அறையில் திரையோரம் ஓடும் இன்புட் பட்டியலில் எல்லாம் காட்டுகிறதா பாருங்கள். காட்டவில்லை என்றால் கீயை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ‘எனக்கு ஓவர்டிரைவ் வரவே மாட்டேன் என்கிறது’ என்று கையைக் குறை சொல்பவர்கள் அதிகம். வைஃபையை விட்டு வயர் போட்டு ஆடுவது பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை. எதிராளி திரையில் உங்கள் இணைப்பு எந்த வகை என்பது தெரியும், வைஃபை என்று கண்டதும் ஆட மறுப்பவர்கள் உண்டு.

முடிவெடுக்க ஒரு மாலை

ஆட்டத்தை வாங்கும் முன்பே இலவச டெமோவில் சோதித்துவிடலாம். ரியூவும் லூக்கும் அதில் இருக்கிறார்கள். வாங்கிவிட்டவர்கள் பயிற்சி அறைக்குப் போங்கள். டம்மியின் (பயிற்சி எதிராளியின்) அசைவுகளை மூன்று ஸ்லாட்டில் பதிவு செய்யுங்கள்: ஒன்றில் நேராகக் குதித்து வந்து அடிப்பது, இரண்டாவதில் டிரைவ் இம்பாக்ட், மூன்றாவதில் நடந்து வந்து த்ரோ. எது எப்போது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி ஓட வையுங்கள். 30 முறை கிளாசிக்கில் எதிர்கொள்ளுங்கள், 30 முறை மாடர்னில். தவறவிட்டதை எண்ணிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை விட எதைத் தவறவிட்டீர்கள் என்று பாருங்கள். குதிப்பை மட்டும் தவறவிட்டு மற்ற இரண்டும் சரி என்றால் மாடர்ன் உங்களுக்கு உடனே பலன் தரும். இம்பாக்டையும் த்ரோவையும் தவறவிட்டால் கண்ட்ரோலை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. அது கண் பழக்கம், இன்னும் சில மாலைகள் இதே பயிற்சி. பிறகு எல்லாத் திசையும் மாறும்படி டம்மியை இடப்பக்கம் வைத்து இன்னொரு சுற்று செய்யுங்கள். வலப்பக்கம் நின்று உருட்டுவதில்தான் பெரும்பாலோரின் கிளாசிக் கை உடையும்.

மாடர்னில் தொடங்கிக் கிளாசிக்குக்கு மாற நினைப்பவர்கள் ஒரே நாளில் குதிக்க வேண்டாம். ஒரே கேரக்டரில் கண்ட்ரோலை மாற்றினால் ராங்க் புதிதாகத் தொடங்காது, இருக்கும் புள்ளிகள்தான் கரையும். மாறும் காலத்தில் ராங்க் ஆட்டத்தை விட்டு, ஆன்லைனில் எல்லோரும் கூடும் பேட்டில் ஹப்பில் ஆடுங்கள். வரிசை இது: மாடர்னிலேயே ஃபயர்பாலை உருட்டிப் போடப் பழகுங்கள், அடுத்து ஷோர்யூக்கன், அடுத்து இரட்டை உருட்டல் சூப்பர். மூன்றும் இரண்டு பக்கத்திலும் 10-க்கு 9 வந்ததும் கிளாசிக்கைத் திறந்து, மாடர்ன் உங்கள் கேரக்டரிடம் இருந்து மறைத்து வைத்திருந்த அடிகளை கமாண்ட் லிஸ்டில் (அடிகளின் பட்டியலில்) ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றில் ஒன்றுகூட உங்களுக்கு வேண்டியதாகத் தோன்றவில்லை என்றால் மாடர்னிலேயே இருந்துவிடுங்கள்.